லேசான கூடாரமா? குழந்தையின் தூக்கமா?

காட்டில் தங்கப் போகும் பெற்றோர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

நடு இரவு. சுற்றிலும் காடு. மழை கொட்டுகிறது. காற்று ஊளையிடுகிறது.

காட்டுக்கு நடுவே ஒரு சின்னக் கூடாரம். உள்ளே அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு வயது 8. இளையவளுக்கு வயது 4.

அந்த நான்கு பேருக்கும் மழைக்கும் நடுவே இருப்பது வெறும் துணிதான். காகிதம் போன்ற மெல்லிய துணி. அதை நம்பித்தான் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

அந்தத் துணி தாங்குமா? கடையில் வாங்கும்போது அப்பா எதைப் பார்த்து வாங்கினார்? விலையையா? எடையையா? குழந்தையையா?

எடையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், எடையை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. குழந்தை கூட வரும்போது அது பெரிய தவறு.

கார் போகாத இடம்

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால், பல குடும்பங்கள் மலைக்கும் காட்டுக்கும் கிளம்புகின்றன. ஓட்டலில் தங்குவதற்கு அல்ல. கூடாரம் அடித்துத் தங்குவதற்கு.

அதில் இரண்டு விதம் உண்டு.

கார் போகிற இடத்தில் கூடாரம் அடிப்பது ஒன்று. அதற்கு எவ்வளவு கனமான கூடாரத்தையும் கொண்டு போகலாம். சுமப்பது கார்தானே!

கார் போகாத இடத்துக்கு நடந்து போய்த் தங்குவது மற்றொன்று. அங்கே கடை இல்லை. விளக்கு இல்லை. கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் இல்லை. உணவு, படுக்கை, அடுப்பு, கூடாரம் எல்லாம் முதுகில் ஏறித்தான் வரவேண்டும்.

கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதில் உள்ளது யோசெமிட்டி தேசியப் பூங்கா. 1890-ல் ஏற்பட்ட பூங்கா அது.

பூங்காவின் மேட்டுப் பகுதியில் துவாலமி என்ற புல்வெளி உண்டு. உயரம் 8,600 அடி. அங்கிருந்து லையல் பள்ளத்தாக்குக்கு ஒரு நடைபாதை போகிறது. பெரும்பாலும் சமதரை. பக்கத்திலேயே ஆறு. சின்னக் கால்களும் நடக்கக்கூடிய பாதை.

ஆனால், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. புல்வெளியில் இருந்து 4 மைலாவது நடக்கவேண்டும். அதன் பிறகே தங்கலாம். அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இது பூங்காவின் சட்டம்.

4 மைல் தூரம் குழந்தை நடந்துவிடும். ஆனால், சுமக்காது. தன் தண்ணீரையும், ஒரு சட்டையையும் தூக்கி வந்தால் அதுவே பெரிது. மற்ற எல்லாம் பெற்றோரின் முதுகில்தான்.

இங்கேதான் ஓர் ஆசை பிறக்கிறது. "இருப்பதிலேயே லேசான கூடாரத்தை வாங்கிவிடலாம்!"

ஒரு பாட்டியின் கதை

"லேசாகப் போ" என்று சொல்பவர்கள் ஒரு பாட்டியை உதாரணம் காட்டுவது உண்டு.

அந்தப் பாட்டியின் பெயர் எம்மா கேட்வுட். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955-ல் அவருக்கு வயது 67.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைப்பாதை என்று ஒன்று இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி, மெயின் மாநிலத்தில் முடிகிறது. 2,000 மைலுக்கு மேல் நீளம். அந்தப் பாதை முழுவதையும் அந்த ஆண்டு பாட்டி தனியாக நடந்து முடித்தார்!

காலில் சாதாரணக் கான்வாஸ் பூட்ஸ். தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை. கூடாரம்? அது கிடையாது. குளியல் அறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றை எடுத்துப் போனார். மழைக்கு அதுதான் பாதுகாப்பு.

கேட்கும்போதே வியப்பாக இருக்கிறது. "பாட்டிக்கே ஒரு திரை போதும் என்றால், நமக்கு எதற்குப் பெரிய கூடாரம்?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், ஒன்றை மறந்துவிடக்கூடாது. பாட்டி தனியாகப் போனார். 11 பிள்ளைகளில் ஒருவரையும் கூட அழைத்துப் போகவில்லை.

நனைந்தால் அவர் நனைவார். குளிர்ந்தால் அவர் நடுங்குவார். அது அவரே எடுத்த முடிவு.

4 வயதுக் குழந்தை அப்படி முடிவு எடுக்க முடியுமா? அதற்காக முடிவு எடுப்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். தனக்கு வரும் கஷ்டத்தைத் தானே ஏற்பது துணிச்சல். அதைக் குழந்தையின் தலையில் கட்டுவது துணிச்சல் ஆகாது.

குழந்தையும் குளிரும்

கோடைக்காலம்தானே என்று நினைக்கலாம். 8,600 அடி உயரத்தில் கோடை இரவும் குளிரும். பகலில் வெயில் அடிக்கும். பிற்பகலில் திடீர் என்று இடியும் மழையும் வரும். இரவில் பல் கிட்டும்.

குழந்தையின் உடம்பு சின்னது. எடை குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே, பெரியவரைவிடக் குழந்தையின் உடம்பில் இருந்து சூடு வேகமாக வெளியேறுகிறது.

குளிரைவிடக் கெட்டது ஈரம். ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும். பிறகு தூக்கம் போல மயக்கம் வரும். "குழந்தை தூங்கிவிட்டது" என்று பெற்றோர் நினைத்துவிடக்கூடும். அதுதான் பயங்கரம்.

ஆகவே, கூடாரத்தின் முதல் வேலை, குழந்தையை நனையாமல் வைத்திருப்பது. மற்றது எல்லாம் பிறகுதான்.

நான்கு வகைகள்

முதுகில் சுமக்கும் கூடாரங்களில் பல வகை உண்டு. முக்கியமானவை நான்கு.

முதலாவது, தார்ப்பாய். தமிழ்நாட்டில் லாரிச் சுமையை மூடுகிறார்களே, அதே யோசனைதான். ஆனால், துணி மிக மெல்லிசு. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன்மேல் போடவேண்டும். இரண்டு பேர் படுக்கும் தார்ப்பாய் அரைக் கிலோகூட இராது. லேசுக்கு இதை மிஞ்ச முடியாது.

ஆனால், தரை இல்லை. சுவர் இல்லை. கொசுவலை இல்லை. சியரா மலையில் பனி உருகும் ஜூன், ஜூலை மாதங்களில் கொசு மொய்க்கும். பெரியவர் முகத்தை மூடிக்கொண்டு படுப்பார். குழந்தை இரவு முழுவதும் சொறிந்துகொண்டு அழும்.

இரண்டாவது, கோபுரக் கூடாரம். நடுவில் ஒரு கம்பு. நாலு பக்கமும் சரிவு. நடப்பதற்கு ஊன்றி வரும் கைத்தடியே நடுக்கம்பு ஆகிவிடும். தனிக் கம்பு வேண்டாம். எடை குறையும். காற்றையும் நன்றாகத் தாங்கும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. கம்பு நிற்பது கூடாரத்தின் நட்டநடுவே. இருட்டில் எழுந்திருக்கும் குழந்தை அதில் மோதினால், கூடாரம் தலையில் விழும்! மேலும், நாலு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் இது நிற்கும். யோசெமிட்டி கருங்கல் பூமி. பல இடங்களில் முளை இறங்காது. பெரிய கல்லைத் தேடிக் கயிற்றைக் கட்டவேண்டும்.

மூன்றாவது, ஒற்றைத் துணிக் கூடாரம். தரை உண்டு. வலை உண்டு. சுவர் மட்டும் ஒரே துணி. பார்க்க அழகு. எடையும் குறைவு.

ஆனால், நான்கு பேர் விடும் மூச்சில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த துணியில் பட்டு, நீர்த்துளி ஆகிவிடும். குழந்தை தூக்கத்தில் புரளும். சுவரை ஒட்டிப் படுக்கும். காலையில் பார்த்தால் படுக்கை நனைந்திருக்கும். மழை பெய்யாமலே நனைந்திருக்கும்! பறவை இறகு அடைத்த படுக்கைப் பைகள் நனைந்தால், சூட்டை இழந்துவிடும்.

நான்காவது, இரட்டைத் துணிக் கூடாரம். உள்ளே காற்று போகும் வலைத்துணி. வெளியே மழைத் துணி. இரண்டுக்கும் நடுவே இடைவெளி. மூச்சின் ஈரம் வலை வழியாக வெளியே போய், மழைத் துணியில்தான் படியும். குழந்தையின்மேல் படாது.

இதில் குவிமாட வடிவம் பலருக்கும் பழக்கமானது. வளைந்த அலுமினியக் குச்சிகளை மாட்டினால், முளை அடிக்காமலே எழுந்து நிற்கும். கல் பூமியிலும் நிற்கும். ஆனாலும் காற்று அடித்தால் நகரும். ஆகவே, முளையோ கல்லோ வைத்துக் கட்டிவிட வேண்டும்.

இதன் குறை என்ன? எடைதான். நான்கு பேர் படுக்கும் கூடாரம், லேசாகச் செய்ததே ஏறக்குறைய 3 கிலோ இருக்கும்.

3 கிலோ பெரிய சுமையா?

3 கிலோ என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

தனியாகப் போகும் ஒருவர், ஏறக்குறைய 1 கிலோ எடையுள்ள கூடாரத்தைச் சுமக்கிறார். அதை "லேசு" என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஒரு குடும்பம் 3 கிலோ கூடாரத்தில் நான்கு பேர் படுக்கிறது. தலைக்கு எவ்வளவு? முக்கால் கிலோ!

அப்படியானால் எது லேசு?

மற்றொரு கணக்கும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அப்பாவின் எடை 75 கிலோ என்றால், அவர் 15 கிலோ சுமக்கலாம். அம்மாவின் எடை 60 கிலோ என்றால், 12 கிலோ. இரண்டும் சேர்ந்து 27 கிலோ. அதில் கூடாரம் 3 கிலோ. ஒன்பதில் ஒரு பங்குதான்.

அதையும் ஒருவரே சுமக்க வேண்டியது இல்லை. மழைத் துணியை அப்பா எடுத்துக்கொள்ளலாம். உள் துணியை அம்மா எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முளையை மூத்த பையனிடம் கொடுக்கலாம். "கூடாரத்தில் ஒரு பங்கு நான் சுமந்தேன்" என்று அவனுக்கும் பெருமை!

எதிர்வாதம்

லேசுக்கூடாரக் கட்சியார் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்.

"சுமை ஏறினால் அப்பா களைத்துப்போவார். களைத்தவர் கால் இடறுவார். அவருக்கே அடிபட்டால் குழந்தையை யார் பார்ப்பது?"

இதைத் தள்ளிவிட முடியாது. கனமான சுமையும் ஆபத்துதான். கார் முகாமுக்கு என்று விற்கும் மலிவான பெரிய கூடாரங்கள் 5, 6 கிலோகூட இருக்கும். அதை முதுகில் ஏற்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஆனால், சுமையைக் குறைக்கக் கூடாரம் ஒன்றுதானா கிடைத்தது? மடக்கு நாற்காலியை விட்டுவிடலாம். இரண்டாவது சட்டியை விட்டுவிடலாம். தேவைக்கு மேல் எடுத்து வைத்த துணிமணியை விட்டுவிடலாம்.

அப்படியும் சுமை குறையவில்லையா? தூரத்தைக் குறைக்கலாம். 8 மைல் போக நினைத்தவர்கள் 4 மைலில் நின்றுவிடலாம். அங்கேயும் அதே ஆறுதான். அதே நட்சத்திரங்கள்தான். 8 மைல் நடந்தோம் என்று ஊரில் போய்ச் சொல்லிக்கொள்வதில் குழந்தைக்கு என்ன லாபம்?

கூடாரத்தை வெட்டாதே, மைலை வெட்டு! குழந்தையோடு போகிறவர்களுக்கு இதுதான் சரியான வழி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

"4 பேர் கூடாரம்" என்று பையில் எழுதி இருக்கும். அதை அப்படியே நம்பிவிடக்கூடாது. ஒருவர் படுக்கும் பாயின் அகலம் 20 அங்குலம். 4 பாய் என்றால் 80 அங்குலம் வேண்டும். கூடாரத்தின் தரையை அளந்து பார்க்கவேண்டும். பெற்றோரும் 2 குழந்தைகளும் என்றால், 4 பேர் கூடாரமே சரி. ஒரே ஒரு சின்னக் குழந்தை என்றால், 3 பேர் கூடாரம் போதும்.

உள்ளே உட்கார முடிகிறதா என்று பார்க்கவேண்டும். மழை நாளில் குழந்தையைப் படுக்கவே வைத்திருக்க முடியாது. உட்காரவேண்டும். விளையாடவேண்டும். கதை கேட்கவேண்டும்.

வாசல் இரண்டு இருந்தால் நல்லது. இரவில் குழந்தை "ஒன்றுக்கு" என்று எழுப்பும். ஒரே வாசல் என்றால், எல்லோரையும் மிதித்துக்கொண்டு போகவேண்டும்.

மழைத் துணியின் பலத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 1,500 என்று போட்டிருந்தால், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் துணி கசியாது என்று அர்த்தம். கூரைக்கு அது போதும். தரைத்துணிக்கு அதைவிட அதிகம் வேண்டும். குழந்தை முழங்காலை ஊன்றித் தவழும்போது, ஈரத் தரையில் அழுத்தம் அதிகம்.

நைலான் துணி மழையில் நனைந்தால் தொய்யும். ராத்திரியில் ஒரு தடவை எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. டைனீமா என்ற துணி மிக லேசு. தண்ணீரைக் குடிக்காது. விலையோ மிக அதிகம். வளரும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு அந்தச் செலவு அவசியம் இல்லை. அந்தப் பணத்தில் குழந்தைக்கு நல்ல படுக்கைப் பை வாங்கலாம்.

வாங்கியதும் நேரே மலைக்குப் போகக்கூடாது. முதலில் வீட்டுத் தோட்டத்தில் அடித்துப் பார்க்கவேண்டும். இருட்டிலும் ஒருமுறை அடித்துப் பார்க்கவேண்டும். முடிந்தால் ஒரு ராத்திரி குழந்தைகளோடு அதில் படுத்துப் பார்க்கவேண்டும்.

மறக்கக்கூடாத மூன்று

நல்ல கூடாரம் இருந்தால் மட்டும் போதாது. மூன்று விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும்.

ஒன்று, கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. மழை பெய்தாலும் கூடாது. குளிர் அடித்தாலும் கூடாது. துணி தீப்பிடிக்கும். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. அந்த விஷவாயுவுக்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு, கூடாரத்துக்குள் தின்பண்டம் கூடாது. யோசெமிட்டி காட்டில் கரடி உண்டு. நடந்து போய்த் தங்குகிறவர்கள், கரடி திறக்க முடியாத பெட்டியில்தான் உணவை வைக்கவேண்டும். இது சட்டம். பற்பசைக்கும் மணம் உண்டு. அதுவும் பெட்டிக்குள் போகவேண்டும். குழந்தையின் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா என்று படுக்கும் முன்பு தடவிப் பார்ப்பது பெற்றோரின் கடமை.

மூன்று, இடம். பட்ட மரத்தின் கீழே கூடாரம் அடிக்கக்கூடாது. 2012 முதல் 2016 வரை அடித்த வறட்சியில், சியரா மலையில் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. பச்சை மரத்தின் கிளையும் சில சமயம் முறியும். 2015 ஆகஸ்டு மாதம் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரு கருவாலி மரக்கிளை முறிந்து கூடாரத்தின்மேல் விழுந்தது. உள்ளே தூங்கிய இளம் வயதினர் இருவர் இறந்துபோனார்கள். எந்தக் கூடாரமும் மரக்கிளையைத் தாங்காது. கூடாரம் அடிக்கும் முன்பு, தலையைத் தூக்கி மேலே பார்க்கவேண்டும்.

ஒரு சிறுவனின் நினைவு

1853-ல் ஒரு சிறுவன் பெற்றோரோடு அமெரிக்காவின் பெரிய புல்வெளிகளைக் கடந்து போனான். வண்டிகள் வரிசையாகப் போகும். இரவில் திறந்த வெளியில் தங்குவார்கள். அப்போது அவனுக்கு வயது 9.

அந்தச் சிறுவனின் பெயர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். பிற்காலத்தில் இங்கிலாந்தில் தையல் தொழில் செய்தார். புல்வெளியில் தங்கிய நாட்களின் ஆசை அவரை விடவில்லை. சைக்கிளில் எடுத்துப்போகக்கூடிய சின்னக் கூடாரங்களைச் செய்தார். 1901-ல் சைக்கிளில் போய் முகாம் அடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908-ல் முகாம் போகிறவர்களுக்காக ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

9 வயதில் திறந்த வெளியில் தங்கிய ஆசை, ஆயுள் முழுவதும் அவரோடு இருந்தது!

குழந்தைகள் அப்படித்தான். நல்ல இரவும் மனத்தில் நிற்கும். கெட்ட இரவும் நிற்கும். நனைந்து, நடுங்கி, கொசுக்கடியில் அழுத குழந்தையை மறுபடி காட்டுக்குக் கூப்பிட்டால், "நான் வரமாட்டேன்" என்று சொல்லும். அரைக் கிலோவை மிச்சம் பிடிக்கப் போய், காட்டின்மேல் உள்ள ஆசையையே அது இழந்துவிடும்.

தரை, வலை, இரட்டைத் துணி. இந்த மூன்றும் உள்ள கூடாரங்களில், கைக்கு எட்டும் விலையில் எது லேசானதோ, அதை வாங்குவதே நல்லது. இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு லேசைத் தேடுவது நல்லது அல்ல.

இரவு மழை பெய்யட்டும். காற்று அடிக்கட்டும். விடிந்ததும் குழந்தை கூடாரத்தின் வாசலைத் திறந்து தலையை நீட்டும். ஆறு ஓடும் சத்தம் கேட்கும். "மறுபடி எப்போது வருவோம்?" என்று அது கேட்டால் போதும்.

சரியான கூடாரம்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.